வேல் தைத்த நாயும் கணக்கு நோட்டும்

நாலடியாரில் நட்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு நாய் வருகிறது. யானையைப் போன்றவர்களின் நட்பை விட்டுவிட்டு நாயைப் போன்றவர்களின் நட்பைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பாடலின் அறிவுரை. யானை நெடுங்காலம் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, எறிந்த வேல் தன் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைத்துக்கொண்டு நிற்கும். பள்ளியில் மனப்பாடம் செய்து, பிறகு பல ஆண்டுகளாக நானே வகுப்பில் நடத்திவரும் பாடல் இது. நாம் சொல்லும் விளக்கம் எப்போதும் நன்றி என்ற சொல்லோடு நின்றுவிடும். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், அடுத்த பாடலுக்குப் போவோம்.

அந்த வேலைப் பிடுங்கியது யார்? காயத்தைக் கழுவியது யார், மஞ்சள் அரைத்துப் பூசியது யார்? நாய் எத்தனை நாள் எழுந்திருக்காமல் கிடந்தது, அத்தனை நாளும் அதன் வாயில் கஞ்சி ஊற்றியது யார்? பாடலுக்கு இவை தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அது நட்பின் இலக்கணம் சொல்ல வந்தது, நாயைப் பற்றிச் சொல்ல வரவில்லை. ஆனாலும் நம் மொழியில் நாய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒன்று, நன்றிக்கு உவமை. இல்லையென்றால் கீழ்மைக்கு உவமை. மாணிக்கவாசகர் இறைவன் முன் தன்னை நாயேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வார். தெருச்சண்டையில் ஒரு பெண்ணை வீழ்த்த ‘பெட்டை நாய்’ என்ற ஒரு வசை போதும். வாலாட்டும் நாய் உண்டு, குரைக்கும் நாய் உண்டு, வெறிநாய் உண்டு. ஆறு வருடமாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாய் இல்லை.

என் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விகள். செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், பெண். எங்கள் தெருவில் குப்பைத்தொட்டியின் ஓரம் விடப்படும் குட்டிகள் பெரும்பாலும் பெண்குட்டிகளாகத்தான் இருக்கும்; குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்ற பயம். அப்படி வந்தவள். ஐந்து வயதில் ஓயாமல் தண்ணீர் குடித்தாள், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தாள், நன்றாகச் சாப்பிட்டும் விலா எலும்பு தெரிய இளைத்தாள். சர்க்கரை நோய் என்றார் மருத்துவர். நாய்களுக்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் மாத்திரை உதவாது. உயிருள்ளவரை இன்சுலின் போட வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், சாப்பாடு கொடுத்துவிட்டுப் போட வேண்டும். சாப்பிடாமல் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி வலிப்பு வரும், உயிர் போகவும் செய்யும். நோய் வந்த ஒன்றரை வருடத்துக்குள் இரு கண்களிலும் புரை படர்ந்தது. சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஆகும். இப்போது அவள் சுவரையும் என் காலடிச் சத்தத்தையும் வைத்து வீட்டில் நடக்கிறாள்.

காலை ஆறரை, மாலை ஆறரை. என் கவிதை வாசிப்புகளும் கருத்தரங்குகளும் இந்த இரண்டு ஆறரைகளுக்கு நடுவில் திரும்பி வர முடிகிற தூரத்தில் நடந்தால் உண்டு. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நாய் வரும் கதைகளையும் படங்களையும் நான் வாசிக்கும் விதம் இதனால் மாறிப்போனது என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது எந்தப் பிரதியில் ஒரு விலங்கு நோயில் விழுந்தாலும் நான் இரண்டு கேள்விகளோடு உள்ளே போகிறேன். இதன் மூத்திரத்தைத் துடைப்பது யார்? இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் பிரதிகள் மிகக் குறைவு. சாகும் நாய்க்கு நிறையக் கதைகள் இருக்கின்றன. நோயோடு வாழும் நாய்க்கு மிகச் சில. சாவு ஒரு காட்சியில் முடிந்துவிடும், அழுதுவிட்டு எழுந்துவிடலாம். நீண்ட நோய்க்குக் காட்சி கிடையாது, தினசரிதான் உண்டு. தினசரி என்பது நம் வீடுகளில் யாருடைய பொறுப்பு என்று இந்தத் தொகுப்பை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மாணவிகளில் அநேகமாக எல்லோரும் பார்த்து அழுத படம் ‘777 சார்லி’. கிரண்ராஜ் இயக்கி ரக்‌ஷித் ஷெட்டி நடித்த கன்னடப் படம், 2022இல் தமிழிலும் வெளியானது. அன்றைய கர்நாடக முதல்வர் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டது செய்தியானது. அந்த மாநில அரசு படத்துக்கு வரிவிலக்கும் கொடுத்தது. சிறுவயதில் குடும்பத்தை இழந்து யாரோடும் ஒட்டாமல் வாழும் தர்மா என்ற தொழிற்சாலைத் தொழிலாளியின் வாழ்க்கைக்குள், நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவனிடமிருந்து தப்பிய லாப்ரடார் பெண் நாய் ஒன்று வருகிறது. அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. நெருங்கிய இரத்த உறவுக்குள் கலக்கவைத்துக் குட்டி எடுத்ததன் விளைவு அது. தொலைக்காட்சியில் பனியைக் கண்டால் துள்ளும் அவளைப் பனி காட்ட மோட்டார் சைக்கிளில் வடக்கே அழைத்துப் போகிறான் தர்மா.

படத்தின் நல்ல பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் விலங்கின் நோய்க்கும் அதன் கருப்பையை வைத்துச் செய்யப்படும் வியாபாரத்துக்கும் உள்ள தொடர்பை வெகுஜன சினிமா இவ்வளவு நேராகச் சொன்னது அரிது. கூண்டு, தொடர்ச்சியான ஈற்று, பலவீனமான குட்டிகள், அவற்றை அன்பளிப்பாக வாங்கும் நகரத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒரே சங்கிலி. இதைப் பார்த்த பிறகு கடையில் குட்டி வாங்குவதில்லை என்று முடிவெடுத்த பெண்களை நான் அறிவேன்.

ஆனால் நோய் தெரிந்த கணத்திலிருந்து படம் வேறு பாதையில் போகிறது. பராமரிப்பு பயணமாகிவிடுகிறது. வீட்டின் தரை மறைந்து நெடுஞ்சாலை வருகிறது. நோயுற்ற ஒன்றைப் பார்த்துக்கொள்வது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது என்று ஆகிறது. இது ஓர் ஆணின் கற்பனை என்று நான் சொன்னால் தர்மாவின் அன்பைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் அன்பு உண்மையானதுதான். ஆனால் கிளம்பிப் போக முடிகிற ஒருவனுக்குத்தான் அன்பு இந்த வடிவத்தில் வரும். படத்தில் ஒரு பெண் வருகிறாள், விலங்கு நலத் துறையில் வேலை பார்க்கும் தேவிகா. முதலில் சந்தேகத்தோடும் பிறகு கண்ணீரோடும் அவனைப் பின்தொடர்வதுதான் அவள் பங்கு. ஓர் ஆண் நாயைப் பராமரிக்கும் அதிசயத்துக்குச் சாட்சி. இதே வேலையை ஒரு பெண் செய்தால் அதிசயப்படச் சாட்சி எதற்கு?

முடிவு இன்னும் சங்கடமானது. சார்லி பனியைப் பார்க்கிறாள், கோயிலில் ஒரு குட்டியை ஈன்றுவிட்டுச் சாகிறாள். கருப்பை வியாபாரத்தைக் கண்டித்துத் தொடங்கிய படம், நோய் முற்றிய உடம்பைக் கடைசியாக ஒருமுறை தாயாக்கித்தான் விடைகொடுக்கிறது. நோயாளிப் பெண்ணின் சாவுக்கு அர்த்தம் தர அவளைப் பெற்றெடுக்க வைப்பது நம் சினிமாவுக்குப் பழகிய வழி. நாய் என்பதால் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பணத்துக்கு வருகிறேன். சுயநிதிப் பிரிவில் எனக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது. இன்சுலின் குப்பி, நாளுக்கு இரண்டு ஊசி, சர்க்கரை பார்க்கும் பட்டைகள், அவளுக்கென்று தனியாக வேகவைக்கும் கோழியும் காயும், அவ்வப்போது வரும் சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து, நாயை ஏற்ற ஒப்புக்கொள்ளும் ஆட்டோவுக்குக் கூடுதல் காசு. எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 3,500. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. “இந்த ஊசிக் காசுல வருஷத்துக்கு ஒரு மோதிரம் சேர்ந்திருக்கும்டி” என்றாள் பெரியம்மா. அவள் கணக்கில் தவறில்லை. “புள்ள குட்டி இல்லாதவ, என்ன பண்ணுவா, நாயைக் கட்டிக்கிட்டு அழுவுறா” என்று அடுத்து ஒன்று சொன்னாள். அதுதான் விமர்சகியான என்னை நிறுத்தியது. அதுவும் ஒரு வாசிப்புத்தான். ஒரு பெண் ஒரு நாயைப் பார்த்துக்கொண்டால் அந்த நாயை நாயாகவே வாசிக்க நம் சமூகத்தால் முடிவதில்லை. இல்லாத குழந்தையாக, இல்லாத கணவனாகத்தான் வாசிக்கும். தர்மா குடும்பமற்றவன், அவன் வளர்த்தால் அது தத்துவம், நான் வளர்த்தால் குறை.

சில்வியா ஃபெடரிச்சி 1975இல் வீட்டுவேலைக்கான ஊதியம் பற்றி எழுதிய கட்டுரையை நம் மாணவிகள் வாசித்திருப்பார்கள். கூலியில்லாத உழைப்பை அன்பு என்று பெயரிட்டுப் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் அதில் உடைத்துக் காட்டினார். நோயுற்ற நாய் அந்த வாதத்தில் ஒரு புதிய முடிச்சைப் போடுகிறது. மாமியாருக்கு மலம் அள்ளினால் அதன் பெயர் அன்பு, கடமை, குடும்பப் பாங்கு. நாய்க்கு அள்ளினால் பைத்தியம். அதே கை, அதே துணி, அதே பினாயில் வாடை. எந்த உழைப்பை அன்பு என்று அழைக்கலாம் என்பதற்கும் குடும்பம்தான் அனுமதிச் சீட்டு தருகிறது.

பெண்ணையும் விலங்கையும் அரசு சேர்த்துப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகளும் கறவை மாடுகளும் கொடுக்கத் தொடங்கியது. பல வீடுகளில் அந்த ஆடுகள் பள்ளிக் கட்டணமாகின, மருத்துவச் செலவாகின. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அங்கே விலங்கு என்றால் வருமானம். நாங்கள் போகும் இடத்தின் பெயரும் கால்நடை மருந்தகம். காலையில் சினை ஊசிக்கு வந்த பசுக்களும் கழிச்சல் கண்ட ஆடுகளும் நிற்கும் வரிசையில் கண் தெரியாத நாயோடு நின்றால், முன்னால் நிற்கும் ஆட்டுக்காரப் பெண் அனுதாபத்தோடு கேட்பாள்: “இது என்னத்துக்கும்மா ஆகும்?” அவளிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவளுக்கு அந்த ஆடு பிழைக்காவிட்டால் வட்டி கட்ட முடியாது.

வறுமையையும் நாயையும் ஒரே சட்டகத்தில் வைத்த படங்களில் நான் வகுப்பில் திரையிடுவது கெல்லி ரைக்கார்ட் இயக்கிய ‘வெண்டி அண்ட் லூசி’ (2008). அதில் நாய் நோயாளி இல்லை, நோயாளியாக இருப்பது வெண்டியின் கார். மிச்சேல் வில்லியம்ஸ் நடித்த வெண்டி, மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை தேடி அலாஸ்காவுக்குப் போகும் வழியில் ஆரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கார் பழுதாகி நிற்கிறாள். கையில் சில நூறு டாலர். ஒரு நோட்டில் ஒவ்வொரு செலவையும் எழுதிக் கழித்துக்கொண்டே வருகிறாள். லூசிக்கு உணவு திருடும்போது கடையில் பிடிபடுகிறாள். நாய்க்குச் சாப்பாடு வாங்க வக்கில்லாதவர் நாய் வளர்க்கக் கூடாது என்ற பொருளில் அங்கே வேலை செய்யும் இளைஞன் ஒருவன் பேசுகிறான். அவள் காவல் நிலையத்திலிருந்து திரும்பும்போது வெளியே கட்டிப்போட்டிருந்த லூசி இல்லை.

அந்த இளைஞன் சொன்னதுதான் படத்தின் மையம் என்று நினைக்கிறேன். அவன் கொடியவன் இல்லை, சட்டதிட்டத்தை மதிப்பவன். அவன் சொன்னதை நம் ஊரில் நல்லவர்கள் தினமும் சொல்கிறார்கள். பார்த்துக்கொள்ள முடியாதவள் ஏன் வளர்க்கிறாள்? இந்தக் கேள்வியில் நாயை மட்டும் நீக்கிவிட்டுக் குழந்தை என்று போட்டுப் பாருங்கள். ஏழைப் பெண்களைப் பார்த்து மகப்பேறு வார்டுகளில் காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி அது. ஏழைக்கு அன்பு ஆடம்பரம். இருப்பவருக்கு நாய் துணை, இல்லாதவளுக்கு நாய் பொறுப்பின்மை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்தபோது அதற்கு ஐந்தாவது வயதில் கணையம் கெடும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எடுத்தவளின் சம்பளமும் அதே இடத்தில் நின்றுவிடும் என்றும் சொல்வதில்லை.

கடைசியில் வெண்டி லூசியைக் கண்டுபிடிக்கிறாள். தோட்டம் வைத்த ஒரு வீட்டில் நன்றாக இருக்கிறது. வேலியின் இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு, சம்பாதித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, சரக்கு ரயிலில் ஏறிப்போகிறாள். படம் முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேம், அவ விட்டுட்டுப் போனது துரோகமில்லையா?” நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, “எங்கம்மா என்னை எங்க ஆச்சி வீட்டுல விட்டுட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாங்க, அது துரோகமா?” என்றாள். அன்றைக்கு வகுப்பு அதற்குமேல் படத்தைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டியதைப் பேசிவிட்டது என்றும் சொல்லலாம்.

சிக்ரிட் நூனெஸின் ‘த ஃபிரெண்ட்’ 2018இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்ற நாவல். எழுத்து கற்பிக்கும் ஆசிரியையான கதைசொல்லியிடம், தற்கொலை செய்துகொண்ட அவள் நண்பரும் குருவுமான எழுத்தாளரின் நாய் வந்து சேர்கிறது. கிரேட் டேன் இனம், வயதானது, மூட்டுவாதம். அவள் இருப்பதோ நியூயார்க்கில் நாய் வளர்க்க அனுமதியில்லாத ஒரு சின்னக் குடியிருப்பு. நாயை வைத்துக்கொண்டால் வாடகை கட்டுப்படியாகும் அந்த ஒரே இடமும் போய்விடும். நாவலை இலக்கியத்தைப் பற்றிய, துக்கத்தைப் பற்றிய நூலாக எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. மூன்று மனைவிகளும் எண்ணற்ற மாணவிகளும் வாசகர்களும் கொண்ட அந்தப் பெரிய மனிதர், தான் வளர்த்த வயதான உயிருக்கு ஓர் ஏற்பாடு செய்யாமல் போய்விட்டார். அதைச் சுமப்பது, சுமக்க இடமில்லாத ஒரு பெண். இதை நாவல் ஆத்திரமில்லாமல் சொல்கிறது, அந்த நிதானமே கொஞ்சம் உறுத்துகிறது. சிக்கல் தீர்வதும் ஒரு மருத்துவச் சான்றிதழால்: நாய் அவளுக்கு மனநல ஆதாரம் என்று எழுதி வாங்கிய பிறகே அது வீட்டில் இருக்கலாம். நாய்க்கு அவள் தேவை என்பது சட்டத்துக்குப் போதவில்லை. அவளை நோயாளியாக்கினால்தான் போதும்.

நோயுற்ற நாயின் உடம்பையே மையமாக வைத்து எழுதியவர் டோனா ஹாராவே. ‘ஸ்டேயிங் வித் த டிரபிள்’ (2016) நூலில் அவருடைய வயதான பெண் நாய் கேயன் சிறுநீரை அடக்க முடியாமல் போகும் அத்தியாயம் ஒன்று உண்டு. கருப்பை அகற்றப்பட்ட பெண் நாய்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் இது வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து டிஇஎஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் ஹாராவே திடுக்கிடுகிறார். கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லிப் பல ஆண்டுகள் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட செயற்கை ஈஸ்ட்ரோஜன் அது. அந்தப் பெண்களின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்தது தெரிந்தபின், 1971இல் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அங்கிருந்து இன்னொரு மருந்துக்குப் போகிறார்: மாதவிடாய் நின்ற பெண்களுக்கான பிரமரின். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. அவரே ஒருகாலத்தில் உட்கொண்டது. ஒரு நாயின் ஈரமான படுக்கையிலிருந்து கிளம்பி பெண்கள், மகள்கள், குதிரைகள், மருந்துக் கம்பெனிகள் என்று அவர் கோத்துக்கொண்டு போகும் விதம் எனக்கு நிறையக் கற்றுக் கொடுத்தது. அந்த நாய்க்கு யாரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. படுக்கை நனைகிறது, அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும். ஆனால் அவருடைய தவிப்பு எந்த மருந்து என்பதில் இருக்கிறது. என் தெருவில் தவிப்பு அதற்கு முந்தைய படியிலேயே தொடங்கிவிடும்.

அவர் வழியைப் பின்பற்றி என் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறக்கிறேன். முட்டை அடுக்கும் இடத்தில் இரண்டு இன்சுலின் குப்பிகள். ஒன்றில் ‘அம்மா’ என்றும் ஒன்றில் ‘செவலை’ என்றும் காகிதம் ஒட்டியிருக்கிறது. இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் மனித இன்சுலின்தான், சிவப்பு மூடி போட்ட அதே நாற்பது யூனிட் ஊசிதான். நாயின் கணையம் சுரக்கும் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் முற்றிலும் ஒன்று என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன், நம்முடைய இரண்டு பிரியமான வசைகளும் இரத்தத்தில் உறவு. செவலைக்கு நோய் வந்ததில் அவள் பெண் என்பதற்கும் பங்குண்டு. கருத்தடை அறுவை செய்யாத பெண் நாய்களில், வெட்டை அடங்கிய பிறகு வாரக்கணக்கில் உயர்ந்து நிற்கும் புரோஜெஸ்டிரோன் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அறுவைக்கு அப்போது என்னிடம் பணம் சேர்ந்திருக்கவில்லை. பிறகு நோயின் சிகிச்சையாகவே அதைச் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் குப்பிக்குள் இருப்பதன் வரலாறும் நாய்களின் வரலாறு. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஃபான் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிய பிறகுதான் சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை எடுத்து அவற்றைச் சர்க்கரை நோயாளிகளாக்கி, பிற நாய்களின் கணையச் சாற்றை ஏற்றிப் பார்த்தார்கள். மார்ஜோரி என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு நாய் அந்தச் சாற்றால் ஏறக்குறைய எழுபது நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் மருந்து முதல்முறையாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அம்மா இன்று உயிரோடு இருப்பது அந்த ஆய்வுக்கூடத்தில் செத்த நாய்களால் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நன்றியுள்ள பிராணி யார் என்று வகுப்பில் வேறு மாதிரிதான் கேட்க வேண்டியிருக்கும்.

கணக்கு நோட்டைப் பிரதியாக வாசிக்க வெண்டியிடம் கற்றேன் என்றேன் அல்லவா, அதை என் வீட்டு நோட்டிலும் செய்ய நேர்ந்தது. சம்பளமில்லாத ஒரு மே மாதம் கழிந்து ஜூனில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். செவலையின் குப்பி நான்கு வாரத்துக்கு ஒன்று என்று சரியாக வாங்கப்பட்டிருந்தது. அம்மாவின் குப்பி வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒன்று வாங்குவது. ஏப்ரலுக்குப் பிறகு ஐந்து வாரம், ஆறு வாரம் என்று இழுத்திருந்தது. அம்மா பதினெட்டு யூனிட்டுக்குப் பதில் பத்துதான் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, “நான் வாயிருக்கிறவ, முடியலைன்னா சொல்லுவேன். அது வாயில்லா ஜீவன்” என்றாள். அவள் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அவள் வாயிருந்தும் சொல்லாத தலைமுறை.

அந்த நோட்டைப் பார்த்தபின் என் இரண்டாவது கேள்விக்கு எந்தக் கோட்பாட்டு நூலும் தராத பதில் கிடைத்தது. ஏழை வீட்டில் நோயுற்ற விலங்குக்கான பணம் பெண்ணின் உடம்பிலிருந்து வருகிறது. அவள் தட்டிலிருந்து, அவள் மாத்திரையிலிருந்து, அவள் தள்ளிப்போடும் ஸ்கேனிலிருந்து. குடும்பத்துக்காகப் பட்டினி கிடக்கும் தாயை நம் இலக்கியம் தெய்வமாக்கியது. நாய்க்காகத் தன் இன்சுலினைக் குறைத்துக்கொண்ட ஒரு கிழவியைத் தெய்வமாக்க அதற்குச் சொல் கிடைக்காது என்பது ஒருவிதத்தில் நிம்மதி. ஆக்கவும் வேண்டாம். அது தியாகம் இல்லை, ஆபத்து. அந்த மாதம் அவள் சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. இப்போது அம்மாவின் பெயரை அரசு மருத்துவமனையில் பதிந்திருக்கிறோம், இன்சுலின் இலவசம். மாதத்தில் ஒரு நாள் அரைநாள் விடுப்பு போட்டு வரிசையில் நிற்கிறேன்.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) எனக்கு இந்த இடத்தில் முக்கியமான நூல். அதில் வருவது நாய் இல்லை, ஒரு கையளவு வெள்ளாட்டுக் குட்டி. பிழைக்குமா என்று தெரியாத அதை ஒரு கிழவி எடுத்து வளர்க்கிறாள், பஞ்சம் சுற்றிவளைக்கும் காலத்தில். நாவலை அரசதிகாரத்தின் மீதான உருவகமாக நாம் நிறையப் பேசிவிட்டோம். காது குத்துவதும் வரிசையில் நிற்பதும் அப்படிப் பேச இடம் தருகின்றன. ஆனால் உருவகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாசித்தால், அது ஒரு ஏழைக் கிழவியின் பராமரிப்பு பற்றிய நாவல். குட்டிக்குப் பால் புகட்டுவதற்கு அவள் படும் பாடு, அதைப் பற்றிக் கிழவன் அடிக்கும் கிண்டல், குட்டியின்மேல் அவளுக்கு வரும் எரிச்சல். எரிச்சலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது முறையாகத் தரையைத் துடைக்கும்போது எனக்கு வருவது அன்பு இல்லை. இதைச் சொல்ல இடம் தராத விலங்குக் கதைகளை நான் நம்புவதில்லை.

இந்தப் பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு வாசிப்புப் பயிற்சியாக, கவிதைக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு கணக்குப் பக்கத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மகளிர் குழுக் கணக்கு, எதுவும். ஒருத்தி அம்மாவின் நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தில் ‘மளிகை 350’ என்று இருந்தது, இரண்டு நாள் கழித்து மறுபடியும் ‘மளிகை 350’. ஒரே மாதத்தில் ஐந்து முறை. “எங்க வீட்டு மணிக்கு ஊசி போட்ட காசு மேம்” என்றாள். “அப்பா நோட்டைப் பார்ப்பாரு, அதனால அம்மா இப்படி எழுதிடுவாங்க.” மணி இப்போது இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இருக்கிறது, ஒரு பின்னங்கால் வராது, அம்மா முந்தானையில் தூக்கிக்கொண்டுபோய் வெளிக்கு விடுவாள் என்றாள். பிறகு நோட்டை வாங்கி, பழைய மாதங்களில் வேறு எத்தனை மளிகைகள் 350 என்று எண்ண ஆரம்பித்தாள்.